பின்பலகைக்கு ஒரு சாய்மானம்

ஜனவரி 19, ஞாயிறு

இன்று காலை துறையில் தண்ணீரில் விழுந்தேன். ஆளில்லாத நேரத்தில் விழுந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை. நண்டு வாங்க வந்த கூட்டம் ஒரு பக்கம், ஆறு கடலில் சேருகிற லகூனில் பறவை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் ஒரு பக்கம். எல்லோரும் பார்க்கத்தான் விழுந்தேன்.

நடந்தது இதுதான். வீட்டில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் காலை அறுத்துவிட்டு, மிச்சத்தைப் போட்டின் பின்பலகையில் வைத்து நைலான் கயிற்றால் கட்டினேன். பின்பலகை என்பது போட்டின் கடைசியில், எஞ்சினுக்கு முன்னால் குறுக்கே கிடக்கிற உட்காரும் பலகை. பழைய போட்டு. அந்தக் காலத்தில் உட்கார்கிறவனுக்கு முதுகு உண்டு என்று யாரும் நினைத்ததில்லை போலிருக்கிறது, சாய்வதற்கு ஒன்றும் கிடையாது. சாய்மானம் வைத்துவிடலாம் என்பது என் யோசனை.

கட்டி முடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி அதில் உட்கார்ந்து எஞ்சின் கயிற்றைச் சுண்டினேன். எஞ்சின் பிடித்தது. போட்டு போனது. நான் நாற்காலியோடு பக்கவாட்டில் சரிந்து அங்கேயே தங்கிவிட்டேன். போட்டு ஆளில்லாமல் போய் எதிர்க்கரைச் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது. நாற்காலி எனக்கு முன்னால் மிதந்தது. கைலி எனக்குப் பின்னால் மிதந்தது.

பங்காளி மகன் தனிக்கொடி கரையிலிருந்து கேட்டான்: "என்னா சித்தப்பா, ஊஞ்சலு கட்டுனியளா?"

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்து உட்கார்ந்திருந்தது. என் மனைவி பவுனம்மாள் வாசலில் நின்று, "கைலியாவது கெடச்சுதா?" என்றாள். உள்ளே கட்டிலில் படுத்திருந்த மகள் செங்கமலம் சிரித்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடிதான், சத்தமில்லாமல்தான். தோள் மட்டும் குலுங்கியது. ஆனால் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இதுதான் முதல் தடவை.

இதற்காக இன்னொரு தடவைகூட விழலாம். கைலியை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 20, திங்கள்

நாற்காலி கரை ஒதுங்கிக் கிடைத்தது. "காலில்லாத நாற்காலிய வச்சு என்னா பண்ணப் போறிய?" என்றாள் பவுனம்மாள். எதற்காவது ஆகும் என்று கொல்லையில் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 23, வியாழன்

ஐஸ் கம்பெனியில் கொடுத்த டைரி இது. கையெழுத்து மோசமானாலும் தாள் நல்ல தாள். நான் எட்டாவதோடு நின்றவன். எழுதி எழுதிப் பழகட்டும் என்று கையை விட்டிருக்கிறேன்.

இன்று பிசியோதெரபி மேடம் வந்தார். வாராவாரம் வீடு தேடி வருகிறார், மழையிலும் வந்தார், அந்தப் புண்ணியவதிக்கு நாங்கள் கொடுப்பது ஒரு டம்ளர் மோர்தான். செங்கமலத்தை உட்கார வைக்கப் பார்த்தார். அவள் தலையணையில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். "தலகாணிய எடுக்கட்டுமா?" என்று மேடம் கேட்டதும், "வேணாம் மேடம்" என்று படுத்துக்கொண்டாள்.

போன ஐப்பசியில் அவள் ஸ்கூட்டியில் வரும்போது நாய் குறுக்கே ஓடியது. முதுகெலும்பில் அடி. தஞ்சாவூரில் ஆபரேஷன் பண்ணி, பிளேட்டு வைத்து, உயிரோடும் உணர்ச்சியோடும் திருப்பிக் கொடுத்தார்கள். காலை அசைக்கிறாள். பிடித்துக்கொண்டால் நாலடி வைக்கிறாள். உட்கார்வதுதான் வரவில்லை. சாயாமல் உட்கார்ந்தால் முதுகு நடுங்கி ஒரு பக்கமாக விழுந்துவிடுகிறாள். அது வருமா என்று நான் பெரிய டாக்டரிடம் கேட்டேன். "வரலாம், வராமலும் போகலாம். பொறுமையா இருங்க" என்றார். செங்கமலத்துக்கு அதில் பின்பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

மேடம் போகும்போது வாசலில் வைத்துச் சொன்னார்: "உக்காரணும்னு அவங்களுக்கே ஆசை வரணும்ண்ணே. இப்பப் பழகலேன்னா ஒடம்பு மறந்துடும்."

அதற்கும் போட்டில் நான் சாய்மானம் வைப்பதற்கும் சம்பந்தமில்லை. பறவை பார்க்க வருகிறவர்களில் வயசானவர்கள் நிறையப் பேர். முதுகு வலிக்கிறது என்கிறார்கள். அவர்களுக்காக.

ஜனவரி 27, திங்கள்

முன்பலகையிலும் நடுப்பலகையிலும் சாய்மானம் வைப்பது சுலபம். ஆனால் அலையில் முன்பக்கம் தூக்கி அடிக்கும். அந்த அடி அதிகம் படாத இடம் பின்பலகைதான். முதுகுக்கு ஆகாதவர்களை அங்கேதான் உட்கார வைக்க வேண்டும். வயசானவர்களைச் சொல்கிறேன்.

மரத்துக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பவுனம்மாள் எங்கள் கல்யாணக் கட்டிலைக் காட்டினாள். அவள் அப்பா சீராகக் கொடுத்த தேக்கு. தலைமாட்டுப் பலகையில் மயில் செதுக்கியிருக்கும்.

"அத அறுத்துக்குங்க."

"ஒங்க அப்பா குடுத்ததுடி."

"தலமாட்டுல மயிலு இல்லேன்னா ஒங்களுக்குத் தூக்கம் வராதா?"

அறுத்தேன். மயிலுக்குக் கழுத்து வரைக்கும்தான் இடம் கிடைத்தது.

உயரத்துக்கு அளவு வேண்டுமே. என் முதுகை அளந்தால் அகலம்தான் தெரியும். செங்கமலம் தூங்குகிறாள் என்று நினைத்து, நூலை எடுத்துக்கொண்டு போய் இடுப்பிலிருந்து தோள் வரைக்கும் மெல்லப் பிடித்தேன்.

சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "என்னப்பா, எனக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?"

"வர்றவங்களுக்கு ஒரு சாய்மானம் செய்றேன் பாப்பா. சும்மா ஒரு அளவுக்கு."

"வர்றவங்க எல்லாம் என் ஒசரமா?"

நூலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பலகை வைத்தால் போதாது, மெத்தை வேண்டும். தலையணைக் கடையில் ஸ்பாஞ்ச் வாங்கித் துணியில் தைத்து வைத்து, உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். போட்டுக்குள் தண்ணீர் தெறிக்கும் என்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியும். ஸ்பாஞ்ச் தண்ணீர் குடிக்கும் என்பதும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் தோன்றவில்லை. கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்து வந்தேன். கைலியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு டீக்கடையில் ஒருவர், "சர்க்கர இருக்கான்னு டெஸ்ட் பண்ணிப் பாருங்கண்ணே" என்று அக்கறையோடு சொன்னார்.

ஜெகபர் பாயிடம் போனேன். பைக்குக்கு சீட் கவர் தைக்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏண்ணே, மழையில நிக்கிற வண்டி சீட்டு என்ன, பஞ்சு மூட்டையாவா கெடக்குது? பிளாஸ்டிக் பேப்பர சுத்தி, மேல ஃபிளெக்ஸ் போட்டு, தையல அடிப்பக்கம் தள்ளிட்டா ஒரு சொட்டு எறங்காது. வீட்டுல பழைய பேனர் கெடந்தா கொண்டாங்க. யாருக்கு இது?"

"வர்றவங்களுக்கு பாய்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "பாப்பா எப்டி இருக்கு?"

"இருக்கு பாய்."

"இடுப்புக்கிட்ட கொஞ்சம் மேடா வச்சுத் தர்றேன். ஆபரேஷன் பண்ணவங்களுக்கு அங்கதான் தாங்கணும்" என்றார். பிறகு தையல் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டு, "வயசானவங்களுக்கும்தான்" என்றார்.

பிப்ரவரி 5, புதன்

மெத்தை வந்துவிட்டது. அழகான வேலை. ஒரே ஒரு சிக்கல். நான் கொடுத்த பேனர் என் மச்சான் தெட்சிணாமூர்த்தியின் புதுமனை புகுவிழா பேனர். வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்துத் தைக்கச் சொல்ல மறந்துவிட்டேன். பாயும் படம் வீணாகிவிடக்கூடாது என்று நினைத்திருக்கிறார். உட்காரும் மெத்தையின் நட்டநடுவில், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, கும்பிட்டபடி என் மச்சான்.

அவனே நேரில் வந்து பார்த்துவிட்டான்.

"ஏன் மாமா, ஊருல போறவன் வர்றவன் எல்லாம் என் மூஞ்சியிலதான் உக்காரணுமா?"

"நீதான் கும்பிட்டு வரவேற்கிறியே மச்சான்."

பவுனம்மாள் தம்பிக்குக் காபி கொடுத்தாள். குடிக்காமல் போய்விட்டான். உள்ளேயிருந்து செங்கமலம் சத்தமாகவே சிரித்தாள். "அம்மா, மாமாவ பின்னாடி சாஞ்சுக்கிற பக்கம் வச்சிருந்தா கோவம் கொஞ்சம் கம்மியா இருந்திருக்கும்" என்றாள். அவளாக ஒரு பேச்சை ஆரம்பித்து எத்தனை நாளாகிறது. மச்சான் மூஞ்சிக்கு நன்றி.

பிப்ரவரி 9, ஞாயிறு

எல்லாம் பூட்டியாகிவிட்டது. பின்பலகையின் இடது பக்கத்தில், எஞ்சினை ஒட்டி, முன்னால் பார்த்து உட்காரும்படி சாய்மானம். போல்ட் போட்டு இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. இந்தத் தடவை நான் விழவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று நடந்தது.

எஞ்சினைத் திருப்புகிற கைப்பிடி, பின்பலகைக்கு மேலே இரண்டு பக்கமும் வீசி வர வேண்டும். அதை வலது பக்கம் தள்ளினால் போட்டு இடது பக்கம் போகும், இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம் போகும். கரையில் வைத்துச் சாய்மானம் பூட்டும்போது கைப்பிடி நேராக இருந்தது. ஆற்றில் இறங்கி வலது பக்கம் திரும்ப, கைப்பிடியை இடது பக்கம் தள்ளினேன். மயில் கழுத்தில் இடித்து நின்றுவிட்டது.

இருபது வருஷமாகப் போட்டு ஓட்டுகிறவன் நான். இன்று என் போட்டு இடது பக்கம் மட்டும்தான் திரும்பும். துறை எனக்கு வலது பக்கம் இருந்தது. துறைக்கு வர முழு ஆற்றையும் வளைத்து இடதுவாக்கில் சுற்ற வேண்டியிருந்தது. சுற்றி வந்தால் நீரோட்டம் இழுத்து மறுபடி துறையைத் தாண்டிவிட்டேன். மறுபடி சுற்றினேன்.

"சாமி சுத்துறதுன்னா வலமா சுத்தணும் சித்தப்பா, நீங்க இடமா சுத்துறிய!" என்று கத்தினான் தனிக்கொடி. கடைசியில் அவன்தான் நீந்தி வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தான். நல்ல பையன். வாய்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

சாய்மானத்தைக் கழற்றிவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

முந்தாநாள் கழற்றிய பலகையையும் மெத்தையையும் காலையில் வீட்டுக்குள் கொண்டுவந்து சுவரோரம் வைத்தேன். மயிலும் மச்சானும் ஒன்றாக நின்றார்கள். செங்கமலம் திரும்பிப் படுத்து அதைப் பார்த்தாள்.

"எங்க பூட்டுன?"

சொன்னேன்.

"எஞ்சின ஒட்டியாப்பா பூட்டுவாங்க? கைப்பிடி எப்புடித் திரும்பும்?"

"அது தண்ணில எறங்குன பெறகுதான் தெரிஞ்சுது பாப்பா."

"தலகாணிய வையி" என்றாள். வைத்தேன். கையை ஊன்றி எழுந்து சாய்ந்துகொண்டாள். கட்டில் சட்டத்தைப் போட்டாக நினைத்துக்கொண்டு விரலால் காட்டினாள். "பின்னாடி வைக்காத. ஓரத்துல, போட்டு விளிம்போட ஒட்டி வையி. உக்காந்தா குறுக்கால பாத்தாப்புல, எஞ்சின் கைக்கு எட்டுறாப்புல இருக்கணும். அப்ப கைப்பிடிக்கு எடஞ்சலே இல்ல."

"கைப்பிடி ஒவ்வொரு திருப்பத்துக்கும் உக்காந்திருக்கறவங்க வயித்துல வந்து இடிக்குமே."

"அதப் புடிச்சிருக்கறவங்களுக்கு இடிக்காது."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. அந்த ஓரம் ஓட்டுகிறவர் உட்காரும் இடம். பதினைந்து வயசிலிருந்து அவள் உட்கார்ந்த இடம். பறவை பார்க்க வருகிறவர்கள் என்னைக் கேட்க மாட்டார்கள், "செங்கமலம் வருதா?" என்றுதான் கேட்பார்கள். நான் ஓட்டினால் பறவை பறந்துவிடும், அவள் ஓட்டினால் உட்கார்ந்திருக்கும்.

"அங்க சாய்மானம் வச்சா யாரு ஓட்டுறது?" என்று கேட்டேன்.

"ஏன், வர்ற பெரியவங்க ஓட்டட்டும். அவங்களுக்குத்தான செய்ற?"

பவுனம்மாள் கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவ வேண்டும் என்று கொல்லைக்குப் போனாள். அது ஏற்கெனவே கழுவிய பாத்திரம்.

"பயமா இருக்கு பாப்பா" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள். ஆனால் படுக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

சாய்மானத்தைக் கட்டிலோரத்தில் கட்டிவிட்டேன். எஞ்சின் கைப்பிடிக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் குழாய். செங்கமலம் சாய்ந்து உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொள்வாள். நான் நடுவீட்டில் நின்று, "எடப்பக்கம் வலைக்கழி, முன்னாடி மண்திட்டு" என்று கத்துவேன். பவுனம்மாள் மாவரைக்கப் போகும்போது, "பெரிய கப்பல் வருது, ஒதுங்கு" என்கிறாள் மகள். "யார்றி கப்பலு?" என்கிறாள் தாய்.

மேடம் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், இன்று நான் கத்திக் களைத்து உட்கார்ந்த பிறகும், "இன்னொரு தடவ போயிட்டு வருவோம்" என்கிறாள். சாயாமல் முடியவில்லை. மெத்தையை விட்டு முதுகை எடுத்தால் நடுக்கம் வந்துவிடுகிறது. பரவாயில்லை. சாய்வதற்குத்தானே சாய்மானம்.

பிப்ரவரி 22, சனி

மேடம் குழாயையும் கட்டிலையும் மயிலையும் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடுப்பு பெல்ட் போட வேண்டும், காற்றில்லாத காலையாக இருக்க வேண்டும், வலித்தால் உடனே திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி, போய் வரலாம் என்றார். பவுனம்மாள் மோரில் இன்று பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொடுத்தாள்.

பிப்ரவரி 26, புதன்

சாய்மானத்தைப் போட்டின் ஓரத்தில் பூட்டினேன். கைப்பிடி இரண்டு பக்கமும் போகிறது. ஜெகபர் பாய் வந்து, மெத்தை நகராமல் இருக்க வார் தைத்துக் கொடுத்தார். "பெரியவங்க என்னைக்குப் போறாங்க?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினோம். வீட்டிலிருந்து துறை வரைக்கும் சரி, துறையிலிருந்து போட்டுக்கு எப்படி இறக்குவது என்பது நேற்று முழுக்க என் கவலை. பவுனம்மாள் கொல்லைக்குப் போய் அந்தக் காலில்லாத நாற்காலியைக் கொண்டுவந்தாள். அதில் உட்கார வைத்து, நானும் தனிக்கொடியும் இரண்டு பக்கம் தூக்க, சேற்றில் இறங்கி நின்று பின்னால் தாங்கியது யார் என்றால், தெட்சிணாமூர்த்தி. யாரும் கூப்பிடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

மெத்தையைப் பார்த்துச் செங்கமலம் தயங்கினாள். "மாமா, ஒங்க மேலயே..."

"உக்காரு ஆயி. நீ உக்காரத்தான் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றான். மச்சானுக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

பவுனம்மாள் முன்பலகையில், தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் நடுப்பலகையில், மகளைப் பார்த்து. சொந்தப் போட்டில் நான் பயணியாக உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. தொடையில் வைத்துக்கொண்டேன்.

எஞ்சின் கயிற்றை நான் சுண்டிக் கொடுத்தேன். கைப்பிடியை அவள் பிடித்தாள். போகும்போது முழுக்க மெத்தையில் அழுந்தச் சாய்ந்திருந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிவிடலாமா என்று கேட்க வாயெடுத்தபோதெல்லாம் என்னைப் பார்த்து முறைத்தாள். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு ஒதுங்கி, லகூன் திறந்துகொண்டது. தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது. எஞ்சினைத் தணித்துத் தணித்து, தூரத்தில் பூநாரைக் கூட்டம் நிற்கிற இடத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரு பறவைகூட எழும்பவில்லை. "அப்பா ஓட்டியிருந்தா இந்நேரம் வேதாரண்யத்துல போயி எறங்கியிருக்கும்" என்றாள். பவுனம்மாள் திரும்பாமலே முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

திரும்பும்போது வடிநீர். ஆற்றில் தண்ணீர் இறங்கி, வலை கட்டுகிற கழிகள் அங்கங்கே தலைகாட்டிக்கொண்டிருந்தன. திட்டு முனை தாண்டியதும் அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"தள்ளி உக்காருப்பா. ஒன் தலைதான் பெரிய திட்டு மாதிரி மறைக்கிது."

தள்ளி உட்கார்ந்தேன். அவள் முன்னால் குனிந்து, கழிக்கும் கழிக்கும் நடுவே கண்ணை ஓட்டி, இடது, வலது, மறுபடி இடது என்று போட்டை நுழைத்து நுழைத்துக் கொண்டுவந்தாள். ஒரு கழியும் உரசவில்லை. துறையில் ஜெகபர் பாய் நின்றிருந்தார். தனிக்கொடி தண்ணீரில் இறங்கி வந்து கயிற்றைப் பிடித்துக் கட்டினான்.

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்க வைத்துவிட்டு பவுனம்மாள் கேட்டாள், "மெத்த எப்புடி இருந்துச்சுடி?"

"சொகமா இருந்துச்சும்மா. அது இல்லேன்னா போற வழியிலயே விழுந்திருப்பேன். அப்பாவுக்குத்தான் சொல்லணும்."

அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்த பவுனம்மாளுக்கும் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கண் பட்டுவிடும். சொன்னால் அவளுக்கு நினைப்பு வந்து, அடுத்த தடவை பயந்து சாய்ந்தும் விடுவாள். "சாய்மானம் நல்லா அமைஞ்சிருச்சு பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கைலியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

சொல்லாததை இங்கே எழுதுகிறேன். திட்டு முனையிலிருந்து துறை வரைக்கும் அவள் சாயவே இல்லை.